ஏ.டி.எச்.டி. (கவனச்சிதறலும் அதீதத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு) உள்ள குழந்தைக்கு மாத்திரை வேண்டுமா, பயிற்சியே போதுமா?

மூன்றாம் வகுப்புப் பையன், ஒரு நிமிஷம் உட்காரமாட்டான், டாக்டர் மாத்திரை எழுதுகிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவனைப் பார்த்த டாக்டர்தான் அதை முடிவு செய்யணும். ஆராய்ச்சி சொல்வதை மட்டும் நான் சொல்கிறேன்.

இதற்கென்றே அமெரிக்காவில் நடந்த பெரிய ஆய்வின் பெயர் எம்.டி.ஏ.; அதன் முடிவுகள் 1999-ல் வந்தன. 7 முதல் 9 வயது வரையுள்ள 579 குழந்தைகளை 14 மாதம் நான்கு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள்: மாத்திரை, நடத்தைப் பயிற்சி (பெற்றோர், டீச்சர் வழியாகக் குழந்தையின் நடத்தையைப் பழக்குவது), இரண்டும் சேர்த்து, வழக்கம்போல வெளி டாக்டரிடம் காட்டுவது. கவனச்சிதறலும் துறுதுறுப்பும் குறைந்ததில் மாத்திரை இருந்த முதல், மூன்றாம் பிரிவுகள்தான் முந்தின.

எனக்குச் சுவாரசியமாகப் பட்டது வேறு. வெளி டாக்டரிடம் போன குழந்தைகளிலும் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேர் மாத்திரை சாப்பிட்டவர்கள்தான். அப்படியும் பின்தங்கினார்கள். ஆய்வுக்காரர்களே மாத்திரை கொடுத்த பிரிவுகளில் மாதாமாதம் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி, டீச்சரிடமும் விசாரித்து, டோஸைத் திருத்தினார்கள். தினம் மூன்று வேளை கொடுத்தார்கள். வெளியே டோஸ் குறைவு, பெரும்பாலும் இரண்டு வேளை, டாக்டரைப் பார்ப்பதும் வருஷத்துக்கு ஒருசில தடவைதான்.

பயிற்சி வீண் என்று அர்த்தமில்லை. இரண்டும் சேர்ந்த பிரிவுக்குக் குறைந்த டோஸே போதுமாயிருந்தது. 14 மாதத்துக்குப் பின் அவரவர் விருப்பப்படி சிகிச்சையைத் தொடர்ந்தார்கள். மூன்றாம் வருஷம் அளந்தபோது பிரிவுகளுக்கிடையே வித்தியாசமே இல்லை.

மாத்திரையால் பசி குறையலாம், உயரமும் கொஞ்சம் மட்டுப்படலாம். ஆரம்பித்தால் எடை, உயரத்தை நோட்டில் குறித்துவைத்து அடுத்த தடவை டாக்டரிடம் காட்டுங்கள்.