லிம்போமா: கீமோவோடு ஆன்டிபாடி ஊசியும் ஏன்?

மெதுவாக வளரும் நிணநீர்ப் புற்றைப் பற்றி ரங்கூனிலிருந்தும் வெளியூர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் சில.

என் வீட்டுக்காரருக்கு வயது 56. ஃபாலிகுலர் லிம்போமா. கீமோவோடு ரிட்டுக்ஸிமாப் என்ற ஊசியும் போட வேண்டும் என்கிறார்கள். ஒன்று போதாதா டாக்டர்? (பெகு)

கீமோவுக்கு ஆள் அடையாளம் தெரியாதம்மா. வேகமாகப் பிரிகிற செல் எதுவானாலும் அடிக்கும். முடி கொட்டுவதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். ரிட்டுக்ஸிமாப் வேறு மாதிரி. அது ஓர் ஆன்டிபாடி, அதாவது குறிபார்த்து ஒட்டுகிற புரதம். இந்தப் புற்று பி-செல்கள் என்ற வெள்ளணுக்களில் உண்டாவது. அவற்றின் மேற்பரப்பில் சிடி20 என்றொரு புரதம் இருக்கிறது. மருந்து அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய செல்லை நம் உடம்பின் காவல் செல்களே தீர்த்துவிடும். கீமோவுக்குத் தப்பியதையும் இது பிடிக்கும். எலும்பு மஜ்ஜையின் தாய்ச் செல்களில் சிடி20 கிடையாது. அதனால் சிகிச்சை முடிந்த பிறகு நல்ல பி-செல்கள் மறுபடி முளைத்துவிடும்.

இரண்டையும் சேர்த்தால் என்ன லாபம்? 2005இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 321 நோயாளிகள். சைக்ளோபாஸ்பமைட், வின்கிரிஸ்டின், பிரெட்னிசோலோன் சேர்ந்த கீமோ மட்டும் பெற்றவர்களுக்கு நோய் மறுபடி தலைதூக்கச் சராசரியாக 15 மாதம் ஆனது. அதே மருந்துகளோடு ரிட்டுக்ஸிமாப்பும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 32 மாதம். வேரோடு போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். இந்த வகை திரும்பி வரும் குணமுள்ளது. ஆனால் நடுவில் கிடைப்பது நல்ல காலம். பென்டமஸ்டின் என்ற கீமோ மருந்து கிடைக்குமா என்றும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். ரிட்டுக்ஸிமாப்போடு சேர்த்தால் நோய் இன்னும் அதிக நாள் அடங்கியிருக்கிறது, முடியும் அவ்வளவாகக் கொட்டுவதில்லை.

கழுத்தில் சின்னக் கட்டிதான், வேறு தொந்தரவு இல்லை. "இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார்கள். கைவிட்டுவிட்டார்களா? (தட்டோன்)

இல்லை. இந்த நோயில் அதுவும் ஒரு சிகிச்சை முறைதான். தொந்தரவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே கீமோ கொடுத்துப் பார்த்த ஆய்வில் ஆயுள் கூடவில்லை. தவணை தவறாமல் போய்க் காட்டுங்கள். இரவில் உடம்பு நனைகிற மாதிரி வியர்த்தாலோ, எடை குறைந்தாலோ தவணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

அப்பாவுக்கு ஊசி தொடங்கும் முன் மஞ்சள் காமாலைப் பரிசோதனை எழுதியிருக்கிறார்கள். கட்டிக்கும் கல்லீரலுக்கும் என்ன சம்பந்தம்? வீண் செலவாகத் தெரிகிறது. (ரங்கூன்)

வீண் செலவே இல்லை தம்பி. இந்தப் பதில்களில் ஒன்று மட்டும் உங்கள் நினைவில் நிற்குமென்றால் அது இதுவாக இருக்கட்டும்.

2015இல் இந்த நாட்டில் எடுத்த கணக்கெடுப்பில் நூற்றுக்கு ஆறேழு பேர் உடம்பில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமி இருந்தது. பலருக்கு அது பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும், ஆயுசு முழுக்கச் சத்தமில்லாமல் கிடக்கும். அதை அடக்கி வைப்பதில் பி-செல்களுக்கும் பங்குண்டு. ரிட்டுக்ஸிமாப் அந்தக் காவலை எடுத்துவிடுகிறது, கிருமி விழித்துக்கொள்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013இல் இதைக் குறித்த எச்சரிக்கையை இன்னும் கடுமையாக்கியது.

சில வருடங்களுக்கு முன் வெளியூர்க்காரர் ஒருவர் என்னிடம் வந்தார். ஆறாவது சுற்று முடிந்து நாலு மாதம். கழுத்தைத் தடவினால் கட்டி இருந்த இடமே தெரியவில்லை. கண் மட்டும் மஞ்சள் கிழங்கு நிறம். பையிலிருந்த சீட்டுகளையெல்லாம் மேசையில் பரப்பித் தேடினேன். கிருமி இப்போது இருக்கிறதா என்று காட்டும் சர்ஃபேஸ் ஆன்டிஜென் "நெகட்டிவ்" என்று ஒரு சீட்டு இருந்தது. முன்பு எப்போதாவது வந்து ஒளிந்திருக்கிறதா என்று காட்டும் கோர் ஆன்டிபாடி பார்த்ததாக ஒரு சீட்டும் இல்லை. புற்றிலிருந்து மீட்ட மனிதரைக் கல்லீரலுக்குப் பறிகொடுத்தோம்.

ஆகவே இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். எது பாசிட்டிவ் என்றாலும் சிகிச்சை நிற்காது. கிருமியை அடக்கும் என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மாத்திரையை முதல் ஊசிக்கு முன்பே தொடங்கி, கடைசி ரிட்டுக்ஸிமாப் முடிந்தும் குறைந்தது 12 மாதம் விடாமல் தர வேண்டும். "கீமோதான் முடிந்துவிட்டதே" என்று அப்பா நிறுத்த விடாதீர்கள்.

முதல் ஊசி அன்று அம்மாவுக்கு நடுக்கம் தூக்கிப்போட்டது. அடுத்ததற்குப் பயப்படுகிறார். (மௌல்மேன்)

முதல் நாளில்தான் அது அதிகம், அடுத்த முறைகளில் பெரும்பாலும் குறைந்துவிடும். பாரசிட்டமாலும் அலர்ஜி மருந்தும் கொடுத்த பிறகு, மணிக்கு 50 மில்லிகிராம் கணக்கில் தொடங்கி, அரைமணிக்கு ஒருமுறை பார்த்துப் பார்த்துக் கூட்டுவோம். பஸ் போய்விடும், வேகமாக விடுங்கள் என்று நர்ஸை அவசரப்படுத்த வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரையை அன்று காலை போடலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். ஊசி ஏறும்போது அழுத்தம் இறங்கலாம்.

சென்னையிலிருந்து தம்பி மருந்து வாங்கி வருகிறான். இந்திய மருந்து சரிதானா? இங்கே கரண்டும் நிற்பதில்லை. (ரங்கூன்)

இந்தியாவில் 2007 முதலே ரிட்டுக்ஸிமாப்பின் மாற்றுத் தயாரிப்பு புழக்கத்தில் இருக்கிறது. நல்ல கம்பெனி, ரசீது, தேதி மூன்றும் சரியாக இருந்தால் தயங்க வேண்டாம். என் கவலையெல்லாம் சூட்டைப் பற்றித்தான். 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும், உறையவும் கூடாது. ஐஸ் கட்டி மேல் நேராக வைக்காமல் நடுவில் துணி சுற்றச் சொல்லுங்கள். விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும். வந்ததும் வீட்டு ஃபிரிட்ஜை நம்பாமல், ஜெனரேட்டர் உள்ள ஆஸ்பத்திரியில் முன்கூட்டியே பேசி ஒப்படைத்துவிடுங்கள்.

நாலு சுற்று முடிந்தது. பீலிக்கான் அம்மன் கோயிலில் தீமிதிப்பதாக வேண்டுதல் இருக்கிறது. இறங்கலாமா? (ரங்கூன்)

இந்த வருடம் வேண்டாம் ஐயா. வின்கிரிஸ்டின் கால் நரம்புகளை மரக்கச் செய்யும். செருப்பு கழன்றுகூடத் தெரியவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தணல் ஒட்டினாலும் தெரியாது. வெள்ளணுக்கள் குறைந்திருக்கும் நாட்களில் ஒரு சின்னக் கொப்புளம் வழியாகவே கிருமி ரத்தத்துக்குப் போய்விடும். வேண்டுதலை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், அம்மன் பொறுப்பாள். அதற்குள் எப்போதாவது காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டால், விடியட்டும் என்று பார்க்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.