மெயில் லாகை ஒரே இடத்தில் சேர்ப்பது: கேள்வி பதில்

போன வாரம் வந்த கேள்விகளில் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை எடுத்திருக்கிறேன். பெரும்பாலும் போஸ்ட்ஃபிக்ஸ், ஒன்று மட்டும் எக்ஸிம். இரண்டும் மெயிலை வாங்கி அனுப்பும் சர்வர் மென்பொருள்கள்; லாக் என்பது அவை செய்ததை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவு.

கேள்வி: அண்ணா, எங்கள் ஆஃபீசில் எல்லா லாகும் ஜேசனாகத்தான் (பெயர்-மதிப்பு ஜோடிகளாக எழுதும் வடிவம்) எலாஸ்டிக்சர்ச்சுக்கு (லாகைச் சேர்த்துத் தேடும் மென்பொருள்) போகிறது. போஸ்ட்ஃபிக்ஸையும் ஜேசனில் எழுத வைக்க முடியுமா?

பதில்: முடியாது தம்பி. லாகுக்கு அப்படி ஒரு செட்டிங்கே கிடையாது. அது எழுதுவதை எழுதட்டும். வரியை உடைத்து ஜேசனாக்கும் வேலையை, லாகை வாங்கி அனுப்பும் மென்பொருள்களான ஆர்சிஸ்லாக் அல்லது லாக்ஸ்டாஷ் தலையில் போடுங்கள்.

கேள்வி: ஒரே மெயிலுக்கு நாலைந்து வரி வருகிறதே, எதை வைத்துக் கோப்பது?

பதில்: க்யூ ஐடிதான் நூல், அதாவது வரிசையில் (க்யூ) நிற்கும் ஒவ்வொரு மெயிலுக்கும் போஸ்ட்ஃபிக்ஸ் தரும் அடையாளம். யார் இணைந்தார் என்பது ஒரு வரி, மெசேஜ் ஐடி ஒரு வரி, அனுப்பியவரும் அளவும் ஒரு வரி, பெறுநரும் ஸ்டேட்டஸும் ஒரு வரி, கடைசியில் வரிசையிலிருந்து நீக்கியாயிற்று என்று 'ரிமூவ்டு'. ஐந்திலும் அதே ஐடி இருக்கும். வாசலிலேயே மறுக்கப்பட்ட மெயிலுக்கு ஐடி கிடையாது, 'நோக்யூ' என்றுதான் வரும். அதைத் தனியாகப் பிரியுங்கள்.

சிக்கல் எங்கே என்றால், வழக்கமான குட்டி ஐடி சில நாள் கழித்து இன்னொரு மெயிலுக்கும் வரும். ஒரு மாத லாகில் தேடி, சம்பந்தமில்லாத இரண்டு மெயில்களை ஒன்றாக ஒட்டி ரிப்போர்ட் கொடுத்து அசிங்கப்பட்டவன் நான். போஸ்ட்ஃபிக்ஸ் 2.9 பதிப்பிலிருந்து நீள ஐடி இருக்கிறது, அதன் செட்டிங் ஃபைலான மெயின்.சிஎஃப்பில் எனேபிள்_லாங்_க்யூ_ஐடிஸ் = எஸ் என்று போடுங்கள். போட்ட கையோடு இரண்டு இடத்தைப் பாருங்கள். பழைய ஐடி ஹெக்ஸ் எழுத்துகளில் (0-9, A-F) இருந்தது. அதை நம்பி எழுதிய ரெஜெக்ஸ் (எழுத்து வடிவத்தை வைத்துத் தேடும் விதி) புதியதைப் பிடிக்காது. புதியதில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் உண்டு, எனவே எலாஸ்டிக்சர்ச்சில் அந்த ஃபீல்டை, அந்த வித்தியாசத்தை அழித்துவிடும் 'டெக்ஸ்ட்' ஆக விடாமல், உள்ளதை உள்ளபடி வைக்கும் 'கீவேர்டு' ஆக்குங்கள்.

கேள்வி: "மெயில் லேட்டு" என்று மேனேஜர் தினமும் கத்துகிறார். எந்த ஃபீல்டை எடுத்து டேஷ்போர்டில் போட?

பதில்: பெறுநர் வரியில் வரும் 'டிலேஸ்'. சாய்கோடு போட்டு விநாடிக் கணக்கில் நாலு எண் இருக்கும், உதாரணமாக 0.1/0.02/30/0.6. முதலாவது, வரிசையைக் கவனிக்கும் க்யூ மேனேஜர் கைக்கு வரும்வரை, இரண்டாவது அதன் கையில் இருந்த நேரம், மூன்றாவது எதிர் சர்வரோடு இணைய, நான்காவது மெயிலை ஒப்படைக்க. நாலையும் நாலு ஃபீல்டாகப் பிரியுங்கள். மூன்றாவது 30-ஐ ஒட்டி வந்தால், எதிராளியின் முதல் எம்எக்ஸ் (அவர்களுக்கான மெயிலை வாங்கும் சர்வர்) படுத்திருக்கிறதா என்று பாருங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு இணைப்புக்கு வழக்கமாகக் காத்திருப்பது 30 விநாடி.

கேள்வி: போஸ்ட்ஃபிக்ஸை டாக்கருக்குள் (மென்பொருளைத் தனிப் பெட்டியாக ஓட்டும் முறை) ஓட்டுகிறேன், அங்கே சிஸ்லாக் (லாகை வாங்கி எழுதும் சேவை) இல்லை. என்ன செய்வது?

பதில்: போஸ்ட்ஃபிக்ஸ் 3.4 பதிப்பிலிருந்து கவலையில்லை. மெயில்லாக்_ஃபைல் என்ற செட்டிங்குக்கு ஸ்டாண்டர்டு அவுட்புட்டைக் காட்டி, 'போஸ்ட்ஃபிக்ஸ் ஸ்டார்ட்-எஃப்ஜி' என்று கிளப்புங்கள். பழைய மாஸ்டர்.சிஎஃப்பை (எந்தெந்த சர்வீஸ் ஓட வேண்டும் என்று சொல்லும் ஃபைல்) காப்பியடித்து வந்திருந்தால் அதில் 'போஸ்ட்லாக்' சர்வீஸ் வரி இருக்காது, சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: புதிதாக டெபியன் 12 லினக்ஸ் போட்டேன். மெயில் லாக் ஃபைலையே காணோம் சார், லாகைப் பார்த்துத் தாக்குபவர்களைத் தடுக்கும் ஃபெயில்2பேனும் அழுகிறது.

பதில்: டெபியன் 12-ஐப் புதிதாக நிறுவினால் ஆர்சிஸ்லாக் தானாக வராது, எல்லாம் சிஸ்டம்டியின் சொந்தப் பதிவான ஜர்னலில் கிடக்கும். ஃபெயில்2பேனின் பேக்எண்டை 'சிஸ்டம்டி' ஆக்குங்கள், இல்லையென்றால் ஆர்சிஸ்லாகை நிறுவுங்கள். நிறுவினால் ஃபைலில் தேதி இப்போது வருடத்தோடு நீளமாக வரும், வரியைப் பிரித்துப் படிக்கும் பழைய பார்சர் முழிக்கும். எனக்கு அந்த நீளத் தேதிதான் பிடிக்கும், ஜனவரி 1 அன்று குழப்பம் இல்லை.

கேள்வி: எக்ஸிமை சிஸ்லாகுக்குத் திருப்பினேன். ரிஜெக்ட் எல்லாம் இரண்டிரண்டாக வருகிறது.

பதில்: மெயின்லாகுக்கும் ரிஜெக்ட்லாகுக்கும் போவது ஒரே இடத்தில் விழுகிறது. சிஸ்லாக்_டூப்ளிகேஷனை 'ஃபால்ஸ்' ஆக்குங்கள்.

கேள்வி: எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும்?

பதில்: இந்தியாவில் என்றால் செர்ட்-இன் (மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவுப்படி 180 நாள். டெபியனில் பழைய லாகைக் கழிக்கும் லாக்ரொட்டேட் வாரம் ஒன்றாக நாலு ஃபைல் வைத்துக்கொண்டு பழையதைத் தூக்கிப் போட்டுவிடும், இன்றே திருத்துங்கள். சப்ஜெக்ட் வரியையும் லாகில் எழுதச் சொல்லி யாராவது கேட்டால், அது மற்றவர் அந்தரங்கம், எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லுங்கள்.