மொரிஸ் மைனர் காரில் பெரிய எஞ்சின் போட்டால் பழைய பின் அக்சல் தாங்குமா?

பின் அக்சல் என்பது எஞ்சினின் முறுக்கு விசையைப் பின் சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் பகுதி. மொரிஸ் மைனர் 1000, 1956இல் 948 சிசி எஞ்சினோடு வந்தது. வெறும் 37 குதிரைத்திறன். அக்சலுக்குள் இருக்கும் தண்டுகளும் அந்த அளவை மனதில் வைத்துச் செய்தவைதான்.

1275 சிசி போட்டாலும் நிதானமாக ஓட்டினால் பெரும்பாலும் தாங்கும். ஆனால் முதல் கியரில் எஞ்சினின் முறுக்கு பத்து மடங்குக்கு மேல் பெருகித்தான் இரண்டு தண்டுகளுக்குமாகப் பிரிந்து போகிறது. இறம்பொடை ஏற்றத்தில் நாலு பேரோடு நின்ற காரை, கிளட்சைப் பட்டென்று விட்டுக் கிளப்பினால் அங்கேதான் ஆபத்து. நிறைந்த கொழுந்துக் கூடையை மெதுவாகத் தூக்கினால் கயிறு தாங்கும், வெடுக்கென்று இழுத்தால் அறுந்துவிடும். அதே கதைதான் (இது அரை நூற்றாண்டு தாண்டிய கயிறு வேறு).

வேகமாக ஓடினால்தான் அக்சல் உடையும் என்று பலர் நினைக்கிறார்கள். தண்டு முறிவது பெரும்பாலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போதுதான்.