ஃபேஸ்லிஃப்ட் செய்யுமுன் என்ன தெரிந்திருக்க வேண்டும்?

நான் டொக்டர் இல்லை. மட்டக்களப்பு கல்லடியில் இருக்கும் என் மாமியை, தொய்ந்த முகத்தை இறுக்கும் இந்தச் சத்திரசிகிச்சைக்காகக் கொழும்புக்குக் கூட்டிப்போய், கூடவே நின்றவள்.

முதல் நாள் சத்திரசிகிச்சை நிபுணர், "புகைப்பழக்கம் இருக்கா?" என்று கேட்டார். மாமி இல்லை என்றார். எனக்கு மனம் கேட்கவில்லை. "வெத்திலையோட புகையிலை போடுவா, டொக்டர்" என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார்.

காதைச் சுற்றிக் கீறி, கன்னத்துத் தோலைப் பிரித்து, அடியில் இருக்கும் படலத்தை இறுக்கித் தைத்து, மிஞ்சும் தோலை வெட்டி எடுப்பதுதான் இந்தச் சிகிச்சை. பிரித்த தோல் உயிரோடு இருப்பது மிக மெல்லிய இரத்தக் குழாய்களால். நிக்கோட்டின் அவற்றைச் சுருக்கிவிடும். காதோரத் தோல் கறுத்துச் செத்தே போகலாம். சிகரெட்டில் வந்தாலும் வாயில் அடக்கும் புகையிலையில் வந்தாலும் நிக்கோட்டின் ஒன்றுதான். குறைந்தது 4 வாரம் விட்டுவிட்டு வரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். மாமி வெத்திலைத் தட்டத்தை அயல் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் இதைப் புகைப்பழக்கமாகக் கணக்கெடுப்பதே இல்லை, அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அடுத்தது, தோலுக்கடியில் இரத்தம் கட்டுவது. அதிகம் வரும் சிக்கல் இதுதான், பெரும்பாலும் முதல் 24 மணி நேரத்துக்குள். ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலி கூடினால் உடனே காட்டுங்கள். பிரஷர் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால், அஸ்பிரின், ஐபுபுரோஃபென், மீனெண்ணெய் மாத்திரை என்று எது எடுத்தாலும் எழுதிக் கொண்டுபோங்கள். இதயத்துக்காக அஸ்பிரின் எடுப்பவர்கள் தாங்களாக நிறுத்தவே கூடாது.

மட்டக்களப்பிலிருந்து போகிறவர்கள் அடுத்த நாளே இரவு ரயிலில் திரும்ப நினைக்காதீர்கள். தையல் எடுக்க ஒரு வாரம், பத்து நாள் செல்லும். அதுவரை கொழும்பில் தங்க இடம் பாருங்கள். வீக்கம் வடிய 2 வாரமாவது வேண்டும், ஆகவே கல்யாணத்துக்கு முந்தின வாரம் வேண்டாம்.

நெற்றிச் சுருக்கமும் இமைத் தொய்வும் இதனால் போகாது. காது குத்தின இடம் தடித்து வளர்ந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், இந்தத் தழும்பும் அப்படி ஆகலாம். முக நரம்பு பாதிக்கப்பட்டால் என்ன ஆகும் என்றும் நேரே கேளுங்கள். செய்கிறவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவான பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரா என்று பார்த்துவிடுங்கள்.

மாமிக்குக் காதுமடல் மாதக்கணக்கில் விறைத்திருந்தது. தோடு போட்டுவிட்டு, சுரை பூட்டுப்பட்டதா என்று தெரியாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். இப்படி ஆகும் என்று டொக்டர் முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை.