கவுன்சலர் அறிவுரை எதுவும் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருக்கிறார். இதனால் என்ன பயன்?

கேள்வி: "அண்ணா நகரில் ஒரு கவுன்சலரிடம் மூன்று தடவை போய்விட்டு வந்தேன். நான் பேசுவதைக் கேட்கிறார், நான் சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்கிறார். என்ன செய்யவேண்டும் என்று ஒரு யோசனைகூடச் சொல்லவில்லை. வெறுமனே கேட்பதற்கு எதற்குக் காசு? கேட்பதால் மனக்கஷ்டம் தீருமா?"

நியாயமான கேள்வி. நான் சென்னையில் பல வருடங்களாக கவுன்சலிங் செய்துவருகிறேன். அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் வகுத்த நபர்மைய முறையில்தான், அதாவது வந்தவரையே மையமாக வைத்து அவரைக் கேட்கும் முறையில்தான் பயிற்சி எடுத்தேன், அதில்தான் வேலையும் செய்கிறேன். கேட்பதால் மாற்றம் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்தவள் என்ற முறையில் பதில் சொல்கிறேன். உங்களுக்கு அங்கே கிடைப்பது அந்தக் கேட்பதுதானா என்பது தனி விஷயம். அதற்கும் வருகிறேன்.

முதலில் அறிவுரை. இந்த ஊரில் ஒருவர் கவுன்சலரைத் தேடி வருவதற்குள் அவருக்குக் கிடைக்காத அறிவுரையே இருக்காது. பெரியப்பா ஒன்று சொல்லியிருப்பார், ஆபீஸில் பக்கத்து சீட்காரர் ஒன்று, மாமியார் ஒன்று, ஜோசியர் பரிகாரத்தோடு ஒன்று. எல்லாம் நல்ல எண்ணத்தில் சொன்னவைதான், பாதி சரியாகக்கூட இருக்கும். ஆனாலும் அவர் நம் முன்னால் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்றால், என்ன செய்வது என்று தெரியாததைவிட வேறு ஏதோ அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அந்தக் குவியலில் நானும் ஒன்றைப் போட்டு என்ன ஆகப்போகிறது?

ரோஜர்ஸே இதை அனுபவத்தில்தான் கற்றார். 1902இல் அமெரிக்காவின் ஓக் பார்க்கில் பிறந்தவர். ரோச்செஸ்டர் நகரில் பன்னிரண்டு வருடம் குழந்தைகளுக்கான மையத்தில் வேலை பார்த்தார். அங்கே ஒரு தாய் தன் மகனின் அடங்காத நடத்தைக்காக வந்துகொண்டிருந்தார். சின்ன வயதில் அந்தப் பையனைத் தாய் ஒதுக்கியதுதான் காரணம் என்று ரோஜர்ஸுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. அதை அந்த அம்மாளுக்கு எப்படியாவது புரியவைக்க மென்மையாக, பொறுமையாக முயன்றார். நடக்கவே இல்லை. கடைசியில், நாம் இரண்டு பேரும் முயன்று பார்த்தோம், இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றார். அந்த அம்மாளும் ஒத்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனவர் திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் கவுன்சலிங் உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் திரும்பி வந்து உட்கார்ந்து, தன் திருமணத்தைப் பற்றி, கணவரோடு உள்ள விரிசலைப் பற்றி, தான் தோற்றுப்போனதாக நினைப்பதைப் பற்றிக் கொட்டித் தீர்த்தார். அதுவரை அவர் சொல்லிவந்த வறட்டு விவரங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரோஜர்ஸுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார். தொடர்ந்து பல சந்திப்புகள் நடந்தன. திருமண உறவும் சீரானது, பையனின் நடத்தையும் மெல்ல மாறியது. எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகவேண்டும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும் என்ற நம்பிக்கை அவருக்கு வேரூன்றியதில் இந்தச் சம்பவத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் ஊருக்கு வருகிறேன். அடுத்துச் சொல்லப்போவதற்குச் சம்பந்தப்பட்டவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். பெரம்பூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாவை அவருடைய மகள் கூட்டிவந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். தூக்கம் வருவதில்லை. சர்க்கரை, தைராய்டு எல்லாம் பார்த்தாயிற்று, எதுவும் இல்லை. படுத்த படுக்கையாய்க் கிடந்த மாமியாரை எட்டு வருடம் பார்த்துக்கொண்டவர். மாமியார் இறந்து சில மாதம் ஆகியிருந்தது. படுக்கைப் புண் வராமலிருக்க ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து அவரைப் புரட்டிப் படுக்கவைப்பாராம். இப்போதும் அதே இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது, அப்புறம் விடியும்வரை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறார். "எனக்கு ஒரு குறையும் இல்ல மேடம், பசங்க நல்லா இருக்காங்க," என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். கைப்பையின் ஜிப்பைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

கொஞ்ச நேரம் கேட்டபின் நான் சொன்னேன்: "அவங்க போனது உள்ளுக்குள்ள ரொம்ப வருத்தமா இருக்கு போலம்மா."

"வருத்தம்னு சொல்லமுடியாது மேடம்." ஜிப் நின்றுவிட்டது. கீழே தெருவில் தண்ணி லாரி ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். நான் எதுவும் பேசவில்லை.

"வருத்தம் இல்ல. கோபம். அவங்க மேல இல்ல மேடம், அவங்க பாவம். எட்டு வருஷத்துல ஒருத்தராவது, இன்னைக்கு நான் பாத்துக்கறேன், நீ போய்த் தூங்குன்னு சொன்னாங்களா? இப்ப எல்லாரும் தூங்கு, தூங்குங்கறாங்க."

"அன்னைக்குச் சொல்லாதவங்க இன்னைக்குச் சொல்றாங்க."

"ஆமா!" என்றார், சத்தமாக. அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

இந்த இடத்தைத்தான் உங்களுக்குக் காட்ட நினைத்தேன். நான் வருத்தம் என்றேன், அவர் இல்லை என்றார். அந்த 'இல்லை'தான் அன்றைய வேலையின் உயிர். ஒத்துணர்வோடு கேட்பது என்றால் எதிரே இருப்பவரின் மனதைப் படித்துவிடும் ஏதோ சக்தி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. நான் புரிந்துகொண்டதை அவர் முன்னால் வைக்கிறேன், பொருந்தாவிட்டால் தள்ளிவிடுவதற்கு அவருக்கு இடம் விடுகிறேன். தையல்காரர் பாதி தைத்த ரவிக்கையைப் போட்டுப் பார்க்கச் சொல்வார் இல்லையா, அதுபோல. எங்கே பிடிக்கிறது என்பதைப் போட்டுக்கொண்டவர்தான் சொல்லவேண்டும். அப்படிச் சொல்லும்போது, அதுவரை பெயரில்லாமல் உள்ளே கனத்துக்கொண்டிருந்தது அவர் வாயாலேயே பெயர் பெறுகிறது. எட்டு வருடம் அந்தக் கோபம் அவருக்குள் இருந்தது. ஆனால் 'நல்ல மருமகள்' கோபப்படக்கூடாதே.

ரோஜர்ஸின் கோட்பாட்டில் மையமான விஷயம் இது. சின்ன வயதிலிருந்தே நமக்குப் பாசம் நிபந்தனையோடுதான் வருகிறது. அழாமலிருந்தால் சமத்து, எதிர்த்துப் பேசாவிட்டால் நல்ல பிள்ளை, மார்க் வாங்கினால் கெட்டிக்காரன். நாளடைவில் அந்த நிபந்தனைகளை நாமே நமக்குப் போட்டுக்கொள்கிறோம். அதற்குள் அடங்காத உணர்ச்சி வந்தால் அது வந்ததே தெரியாதமாதிரி அமுக்கிவிடுகிறோம். அதை எந்த நிபந்தனையும் இல்லாமல் ஒரு ஆள் கேட்கும்போது, நாமும் அதைத் திரும்பிப் பார்க்கத் துணிகிறோம்.

1957இல் ரோஜர்ஸ் எழுதிய கட்டுரை ஒன்றில், ஒரு மனிதர் மாறுவதற்கு ஆறு நிபந்தனைகள் வேண்டும் என்கிறார். ஆலோசகர் போலித்தனம் இல்லாமல் இருப்பது, வந்தவரை நிபந்தனையின்றி மதிப்பது, அவர் உலகத்தைத் தன்னுடையதைப் போல உணர்வது, அதே நேரம் அது தன்னுடையது அல்ல என்பதையும் மறக்காமலிருப்பது ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை. கடைசி நிபந்தனையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். இந்த மதிப்பும் புரிதலும் வந்தவருக்குக் கொஞ்சமாவது போய்ச் சேரவேண்டும். ஆலோசகர் மனதுக்குள் எவ்வளவு உருகினாலும், எதிரே இருப்பவருக்கு அது எட்டவில்லை என்றால் நடந்ததாகக் கணக்கில்லை.

ஆய்வும் இதையே சொல்கிறது. 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 82 மாதிரிகளிலிருந்து 6,138 பேருடைய விவரங்களைச் சேர்த்துப் பார்த்தது. ஆலோசகரின் ஒத்துணர்வுக்கும் சிகிச்சையின் பலனுக்கும் உள்ள தொடர்பு 0.28 என்று வந்தது (பூஜ்யம் என்றால் தொடர்பே இல்லை, ஒன்று என்றால் முழுத் தொடர்பு). இது நடுத்தர அளவுதான், அதிசயம் எதுவும் இல்லை. ஆனால் அது எந்தச் சிகிச்சை முறையாக இருந்தாலும் தெரிகிற தொடர்பு. இந்த ஆய்வுகளில் எனக்கு முக்கியமாகப் படுவது, ஆலோசகர் தனக்குத் தானே போட்டுக்கொள்ளும் மதிப்பெண்ணைவிட, வந்தவர் போடும் மதிப்பெண்தான் பலனை நன்றாக முன்கூட்டிச் சொல்கிறது என்பது.

சரி, உங்கள் புகாருக்கு வருவோம். சொன்னதையே திருப்பிச் சொல்கிறார் என்கிறீர்கள். இது பழைய புகார், ரோஜர்ஸ் உயிரோடு இருக்கும்போதே எழுந்தது. 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் என்பவர் எலைசா என்று ஒரு கணினி நிரல் எழுதினார். ரோஜர்ஸ் முறை ஆலோசகர் மாதிரி, தட்டச்சு செய்வதையே கேள்வியாகத் திருப்பிப் போடும். அவருடைய செயலாளரே அதோடு பேச ஆரம்பித்து, கொஞ்சம் வெளியே இருங்கள் என்று அவரைக் கேட்டுக்கொண்டார். யாராவது கேட்கமாட்டார்களா என்ற தவிப்பு மனிதருக்கு எவ்வளவு இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அந்த நிரலிடம் "வருத்தம் இல்ல, கோபம்" என்று சொன்னால், அது அந்த வார்த்தையையும் ஒரு கேள்வியாக்கித் தரும், அவ்வளவுதான். எட்டு வருடத்து ராத்திரிகள் அதற்கு விளங்காது. தான் உணர்ச்சிகளைப் பிரதிபலிக்கவில்லை, தன் புரிதல் சரிதானா என்று சரிபார்க்கிறேன் என்று 1986இல், இறப்பதற்கு முந்தைய வருடம், ரோஜர்ஸ் எழுதினார். உங்கள் கவுன்சலர் செய்வது சரிபார்ப்பதா, வெறும் எதிரொலியா என்று கவனியுங்கள். நீங்கள் "அப்படி இல்லை" என்றால் அவர் தன் புரிதலை மாற்றிக்கொள்கிறாரா? அடுத்த வாரம் அது அவர் நினைவில் இருக்கிறதா?

பெரம்பூர் அம்மாவுக்கு அன்றைக்கே தூக்கம் வந்துவிடவில்லை. சில வாரம் வந்தார், அந்தக் கோபத்தைச் சுற்றியே பேசினார், இடையில் நிறைய அழுதார். வருஷ திதி நெருங்கியபோது அவராகவே ஒரு முடிவெடுத்தார். நாத்தனாரைக் கூப்பிட்டு, இந்தத் தடவை நீங்கள் வந்து சமையுங்கள், நான் உட்கார்ந்திருக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டார். நாத்தனாரும் வந்து சமைத்திருக்கிறார். இப்படி ஒரு யோசனை என் தலையில் உதித்திருக்காது. உதித்து நான் சொல்லியிருந்தாலும், "அதெல்லாம் எங்க வீட்ல நடக்காது மேடம்," என்று மறுத்திருப்பார். தூக்கம் அதற்கு முன்பே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் தொடங்கியிருந்தது.

எல்லாவற்றுக்கும் கேட்பது மட்டும் போதும் என்று நான் சொல்லமாட்டேன். சாப்பிட முடியாத, எழுந்திருக்க முடியாத அளவுக்கு மனச்சோர்வு, காதில் குரல்கள், இனம்புரியாத பயம் என்றால் மனநல மருத்துவரைப் பார்க்கத்தான் வேண்டும், மருந்து வேண்டுமென்றால் எடுக்கத்தான் வேண்டும். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்குப் போக இன்னும் பலர் கூச்சப்படுகிறார்கள், அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். மருந்தோடு கேட்பதும் சேர்ந்து நடக்கலாம். தற்கொலை எண்ணம் இருந்தால் காத்திருக்கவே வேண்டாம், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எண்ணுக்கு எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பு இருக்கிறது. அங்கே பேசுகிற தன்னார்வலர்கள் டாக்டர்கள் இல்லை, கேட்கப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். உயிர் ஊசலாடும் நேரத்தில்கூட ஒரு மனிதர் அக்கறையாகக் கேட்பது ஆளைப் பிடித்து நிறுத்தும் என்ற நம்பிக்கையில்தான் இத்தனை வருடமாக அது நடக்கிறது.

கேட்பதன் பலம் உங்களுக்கு இன்னும் சந்தேகமாக இருந்தால், வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்து பாருங்கள். ரோஜர்ஸ் சொன்ன விதிதான். அடுத்த தடவை வாக்குவாதம் வரும்போது, எதிராளி சொன்னதை அவரே "ஆமா, அதான் சொல்றேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி நீங்கள் திருப்பிச் சொன்ன பிறகுதான் உங்கள் கருத்தைச் சொல்லலாம். கேட்க எளிதாகத் தெரியும். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையிடம் செய்து பாருங்கள், "என் காலத்துல..." என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வந்து எப்படி முட்டுகிறது என்று தெரியும். அதை விழுங்கிக்கொண்டு இன்னும் ஐந்து நிமிடம் கேட்டால், அதுவரை கேள்விப்படாத ஒன்றை அந்தப் பிள்ளை சொல்லும்.

அப்புறம், அடுத்த சந்திப்புக்குப் போவதா வேண்டாமா என்பது. போங்கள். இங்கே எழுதியதை அப்படியே அவரிடம் சொல்லுங்கள்: "நீங்க எதுவும் சொல்லாம கேட்டுக்கிட்டே இருக்கறது எனக்கு எரிச்சலா இருக்கு, காசு வீணாகுதோன்னு தோணுது." மரியாதைக் குறைவாகுமோ என்று தயங்கவேண்டாம், அந்த அறையில் பேசவேண்டிய விஷயமே அதுதான். அவர் முகம் சுளித்தால், தன் முறையைப் பற்றி விளக்கவுரை ஆற்றினால், வேறு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள். அந்த எரிச்சலையே நிதானமாகக் கேட்டு, அது எங்கிருந்து வருகிறது என்று உங்களோடு சேர்ந்து பார்க்க ஆரம்பித்தால், இன்னும் சில வாரம் கொடுங்கள்.