திருச்சி–கோலாலம்பூர்–பாலி: பெட்டி தானாகப் போகாது

இரண்டு டிக்கெட்டும் ஏர் ஏசியாதானே, தனித்தனியாகப் புக் செய்திருந்தாலும் பெட்டியை அவர்களே மாற்றிவிடுவார்களா, நடுவில் இரண்டரை மணி நேரம் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்ற மாட்டார்கள். நேரமும் போதாது என்றுதான் சொல்வேன்.

அவர்கள் கணக்கில் நீங்கள் இரண்டு வெவ்வேறு பயணி.  இந்தக் கம்பெனி வளர்ந்ததெல்லாம், இறங்கிய விமானத்தை 25 நிமிடத்தில் மறுபடி கிளப்பும் பாணியில்தான். காலையில் ஒன்று தாமதமானால் அன்று முழுக்க அது இழுக்கும். ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவேண்டிய பெட்டி அந்த வேகத்துக்கு இடைஞ்சல். பிற்பாடு, பெட்டியைக் கடைசி ஊர்வரை அவர்களே கொண்டுசேர்க்கும் 'ஃப்ளை த்ரூ' சேவையைக் கொண்டுவந்தார்கள், ஆனால் ஒரே புக்கிங்கில் எடுத்தவர்களுக்கு மட்டும்.

ஆக, கோலாலம்பூர் விமான நிலையத்தின் டெர்மினல் 2-இல் குடிநுழைவு வரிசை, பெட்டி, சுங்கம் எல்லாம் முடித்து மறுபடி கவுண்டருக்கு வரவேண்டும். அது விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடும். மலேசியாவுக்குள் நுழைவதால் டிஜிட்டல் வருகை அட்டையையும் பயணத்துக்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்பிவிடுங்கள், இலவசம்தான்.

முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் காசு போச்சு. பாலி டிக்கெட்டை ஐந்து மணி நேரமாவது தள்ளி மாற்றுங்கள். மாற்றும் கட்டணம் எகிறினால், இரண்டையும் சேர்த்து ஃப்ளை த்ரூவில் புதிதாக எடுத்தால் என்ன ஆகும் என்றும் ஒருமுறை பாருங்கள்.