மலைக்கோயில் செடிக்குத் தாத்தாவின் பெயர் வைக்கலாமா?

கேள்வி: மொரிஷியஸின் காத்ர் போர்ன் மலைக்கோயிலில் கும்பிட்டுவிட்டு, கோர் த கார்த் மலையில் கொஞ்ச தூரம் ஏறினோம். அங்கே முழங்கால் உயரத்தில் ஒரு செடி. இலைகள் நாணல்போல நீளம், நடுநரம்பு மட்டும் நல்ல சிவப்பு. கைப்பேசிச் செயலி மூன்று முறை மூன்று பெயர் சொன்னது. இது புதிய பேரினமாக இருக்குமா? இருந்தால் என் தாத்தாவின் பெயரை எங்கே பதிவது?

பதில்: ஆசையில் மண்ணைப் போடுகிறேன், மன்னியுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையை மட்டும் வைத்துச் சொல்வதென்றால், அது 'புவா தோலிவ்' மரத்தின் குட்டியாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். மொரிஷியஸ், ரீயூனியன், ரொட்ரிக்ஸ் மூன்றிலும் வளர்வது அது. இளஞ்செடியின் இலை ரிப்பன்போல ஒடுங்கி, நடுநரம்பு சிவந்திருக்கும். வளர்ந்த மரத்திலோ அகலமான, தடித்த பச்சை இலை. இரண்டையும் அருகருகே வைத்தால் ஒரே மரம் என்று யாரும் நம்பமாட்டார்கள். நம் தீவுகளின் மரங்கள் பலவற்றுக்கு இந்த இரட்டை வேடம் உண்டு. ராட்சத ஆமைகளின் வாய்க்கு எட்டும் உயரத்தைத் தாண்டும்வரை போட்ட வேஷம் இது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அந்த ஆமைகள் அழிந்து நெடுங்காலமாகிறது. செடி இன்னும் வேஷத்தைக் கலைக்கவில்லை. அடுத்த முறை போகும்போது, செடியைச் சுற்றிப் பத்தடிக்குள் தாய்மரம் நிற்கிறதா என்று அண்ணாந்து பாருங்கள்.

சரி, புவா தோலிவ் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது புதிய இனமா என்பதுதான் முதல் கேள்வி. பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுப்பு, அதற்கடுத்த படி. ஆல், அரசு, அத்தி மூன்றும் பார்வைக்கு வேறு வேறு. ஆனால் பூவைக் காய்க்குள் ஒளித்துவைக்கும் ஒரே பேரினம். வேம்பும் மலைவேம்பும் பெயரில் நெருக்கம், பேரினம் வேறு. ஆகவே தோற்றம் புதுமையாக இருப்பது போதாது. பூவின் அமைப்பு, காயின் அறைகள், விதை ஆகியவற்றோடு இப்போது மரபணுவையும் ஒப்பிட்டு, அதற்கு நெருங்கிய சொந்தம் எது என்று பார்க்கிறார்கள். தெரிந்த எந்தப் பேரினத்திலும் உறவு ஒட்டவில்லை என்றால்தான் புதிது பிறக்கும்.

அதனால் புதிய பேரினங்கள் பெரும்பாலும் காட்டில் கிடைப்பதில்லை, உலர்ந்த செடிகளை அடுக்கிய அலமாரியில் கிடைக்கின்றன. ரொட்ரிக்ஸின் 'கஃபே மரோன்' கதையைப் பாருங்கள். 1877இல் தாவரவியலாளர் பால்ஃபர் அந்தச் செடியை ராண்டியா என்ற பேரினத்தில் வைத்தார். நூறாண்டுக்குப் பிறகு, 1982இல், திருவேங்கடமும் வெர்ட்கோர்ட்டும் அதைப் பிரித்து ராமோஸ்மேனியா என்ற தனிப் பேரினம் ஆக்கினார்கள். திருவேங்கடம் நம் மொரிஷியஸ்காரர்தான். அதற்குச் சற்று முன்னால்தான், அழிந்துபோனதாக நினைத்திருந்த கஃபே மரோனின் ஒற்றைச் செடியை ரொட்ரிக்ஸில் ஒரு பள்ளிச் சிறுவன் கண்டுபிடித்திருந்தான். எனவே உங்களைப் போன்றவர்களின் கண்ணை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

இனி நீங்கள் செய்யவேண்டியது. செடியைப் பிடுங்காதீர்கள், கோர் த கார்த் இயற்கைக் காப்பகம், அனுமதியில்லாமல் ஓர் இலைகூடப் பறிக்கக்கூடாது. படம் எடுங்கள்: இலையின் அடிப்பக்கம், இலை தண்டோடு சேரும் இடம், பக்கத்தில் அளவுக்கு ஒரு ரூபாய் நாணயம். இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, பூக்கும்வரை மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். பூ வந்ததும் ரெதுயியில் இருக்கும் மொரிஷியஸ் ஹெர்பேரியத்துக்கு, அதாவது உலர்ந்த செடி மாதிரிகளின் சேமிப்பகத்துக்கு, படங்களை அனுப்புங்கள். விஷயம் இருந்தால் அவர்களே அனுமதி பெற்று மாதிரி எடுப்பார்கள். செய்தித்தாள் மடிப்புக்குள் கிளையை வைத்து, ஓர் இலையை மட்டும் அடிப்பக்கம் மேலே தெரியத் திருப்பி, அழுத்தி, தாள் மாற்றி மாற்றி உலர்த்துவார்கள். கியூர்பிப் ஊரின் ஈரத்தில் ஒருநாள் தாள் மாற்ற மறந்து நான் பூசணத்துக்குப் பறிகொடுத்த மாதிரிகள் ஒன்றிரண்டல்ல. உலர்ந்தால் மறையும் நிறமும் மணமும் சீட்டில் எழுதப்படும்.

தாத்தாவின் பெயருக்கு வருகிறேன். பதிவு அலுவலகம் எதுவும் இல்லை, கட்டணமும் இல்லை. ஆய்விதழில் முறைப்படி வெளியானால்தான் பெயர் செல்லும். அதற்கு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ வர்ணனை வேண்டும். மூல மாதிரி, அதாவது அந்தப் பெயருக்கு ஆதாரமான உலர்ந்த செடி, எந்த ஹெர்பேரியத்தில் இருக்கிறது என்ற குறிப்பும் வேண்டும். புகைப்படம் மூல மாதிரியாகாது. பேரினத்துக்கு மூலமாக ஓர் இனத்தைச் சுட்டவேண்டும். அந்தப் பெயரைத் தாவர உலகில் வேறு பேரினம் ஏற்கெனவே எடுத்திருக்கக்கூடாது. ஆளின் பெயர் வைக்கத் தடையில்லை. நம் தேசிய மலரான ட்ரோஷேசியா பூத்தோனியானாவில் த்யூத்ரோஷே, பூத்தோன் என்று இரண்டு மனிதர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெயரைத் தேர்ந்தெடுப்பவர் கட்டுரையை எழுதுபவர். ஆகவே பூ வந்ததும் நீங்கள் எழுதும் முதல் கடிதத்திலேயே தாத்தாவைப் பற்றி இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்.